ரிச்சர்ட் அட்டன்பரோ: நடிகராக வந்து ‘காந்தி’யை எடுத்தவர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரிச்சர்ட் அட்டன்பரோ யார்?

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 1923 ஆகஸ்ட் 29 அன்று பிறந்த நடிகர், தயாரிப்பாளர், இயக்குநர். 1942 முதல் திரையில் நடித்தார். 1969-இல் முதல் படத்தை இயக்கினார். மொத்தம் 12 படங்களை இயக்கியிருக்கிறார். அவற்றில் ஒன்றான ‘காந்தி’ (1982) எட்டு ஆஸ்கார் விருதுகளை வென்றது. இந்தக் கால ரசிகர்கள் பலருக்கு அவர் ‘ஜுராசிக் பார்க்’ படத்தில் வெள்ளைத் தாடியும் கைத்தடியுமாக வரும் ஜான் ஹாமண்ட் தாத்தா.

விலங்குகளைப் பற்றிப் படம் எடுக்கும் அட்டன்பரோவும் இவரும் ஒருவரா?

இல்லை. அவர் டேவிட் அட்டன்பரோ, ரிச்சர்டின் தம்பி, மூன்று வயது இளையவர். ஜான் என்று இன்னொரு தம்பியும் உண்டு. அவர் கார் தொழிலுக்குப் போனார்.

எப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தார்?

அப்பா ஃபிரெடரிக் கல்வியாளர். லெஸ்டர் நகரின் பல்கலைக்கழகக் கல்லூரிக்கு முதல்வராகப் பொறுப்பேற்றதால் குடும்பம் அங்கே குடிபெயர்ந்தது. அம்மா மேரி பொதுக் காரியங்களில் ஊறியவர். ஸ்பெயின் உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி வந்த பாஸ்க் குழந்தைகளுக்காக வேலை செய்தவர்.

1939-இல் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் இந்த மனிதரைப் புரியவைக்க முடியாது. பெர்லினிலிருந்து இரண்டு யூதச் சிறுமிகள், அக்காவும் தங்கையும், நாஜிகளிடமிருந்து தப்பி வந்து சேர்ந்தார்கள். அமெரிக்காவில் இருந்த உறவினரிடம் போவதாக ஏற்பாடு. அதற்குள் போர் மூண்டு கப்பல் வழி அடைபட்டது. பெற்றோர் மூன்று மகன்களையும் உட்காரவைத்துப் பேசினார்கள். இந்தப் பிள்ளைகளை நம் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், ஆனால் எங்கள் அன்பில் உங்களுக்குக் கிடைத்த பங்கு குறையும், அவர்களுக்கு இப்போது கூடுதலாகத் தேவைப்படும் என்று விளக்கிவிட்டு, முடிவு முழுக்க உங்கள் கையில்தான் கண்ணுகளா என்று விட்டுவிட்டார் அம்மா. பையன்கள் சம்மதித்தார்கள். சிறுமிகள் போர் முடியும்வரை அந்த வீட்டுப் பெண்களாகவே இருந்தார்கள்.

அம்மாவின் அந்த வாக்கியமே (‘எண்டயர்லி அப் டு யூ, டார்லிங்’) பல பத்தாண்டுகள் கழித்து அவருடைய சுயசரிதைக்குத் தலைப்பானது. பெரிய நட்சத்திரம் முதல் லைட்மேன் வரை எதிரே வரும் எல்லோரையும் அவர் ‘டார்லிங்’ என்று கூப்பிட்டதும் ஊரறிந்த விஷயம். அகதிகள், நிறவெறி, சிறைக்கொடுமை என்று அவர் கேமராவைத் திருப்பிய இடங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த லெஸ்டர் வீட்டுக் கூடம்தான் நினைவுக்கு வரும்.

நடிக்க வந்தது எப்படி?

படிப்பில் அப்பா எதிர்பார்த்த பிள்ளை இவர் இல்லை. நாடகத்தில்தான் நாட்டம். உதவித்தொகை கிடைத்தால் போ என்று வீட்டில் சொல்லிவிட, லெவர்ஹுல்ம் உதவித்தொகை பெற்று லண்டனின் ‘ராடா’ நாடகப் பள்ளியில் சேர்ந்தார். அங்கேதான் ஷீலா சிம் என்ற நடிகையைச் சந்தித்தார். 1945 ஜனவரியில் திருமணம். கடைசிவரை, ஏறத்தாழ 70 ஆண்டுகள், சேர்ந்தே வாழ்ந்தார்கள்.

முதல் படம் 1942-இல், நோயல் கவர்டும் டேவிட் லீனும் இயக்கிய ‘இன் விச் வி சர்வ்’. குண்டுமழைக்கு நடுவே பயந்துபோய்த் தன் இடத்தை விட்டு ஓடும் இளம் கப்பல் தொழிலாளி வேடம். சில நிமிடங்கள்தான். படத்தின் பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் விடுபட்டுப் போனது. ஆனால் அந்த வியர்த்த முகத்தைப் பார்த்தவர்கள் மறக்கவில்லை. பயந்த மனிதனுக்கு அவரைப்போல முகம் கொடுத்தவர்கள் குறைவு.

போரில் ஈடுபட்டாரா?

விமானப்படையில் சேர்ந்தார். அதன் படப்பிரிவில் வேலை செய்தபோது, குண்டுவீச்சு விமானங்களின் வால்பகுதியில் துப்பாக்கி வீரருக்கான இடத்தில் உட்கார்ந்து, தாக்குதலின் விளைவுகளைப் படமெடுக்கத் தானே முன்வந்தார். அந்தப் பறத்தலில் காதுகளில் ஏற்பட்ட பாதிப்பு கடைசிவரை தீரவில்லை.

நடிகராக எந்தெந்த வேடங்கள் முக்கியம்?

கிரகாம் கிரீனின் நாவலிலிருந்து உருவான ‘பிரைட்டன் ராக்’ (1947) படத்தில் பிங்கி என்ற பதின்வயது ரவுடி. பால் வடியும் முகம், உள்ளே உறைந்த கொடூரம். மேடையிலும் அவர் அதே வேடத்தைச் செய்திருந்தார். அதன்பின் பல வருடம் அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் சலித்துப்போன வேடங்கள். 1963-இல் ‘தி கிரேட் எஸ்கேப்’ படத்தில் ஜெர்மன் போர்க்கைதி முகாமிலிருந்து மொத்தமாகத் தப்பிக்கத் திட்டம் தீட்டும் பார்ட்லெட்டாக வந்தபோதுதான் ஹாலிவுட் திரும்பிப் பார்த்தது. அடுத்த வருடம் ‘சீயான்ஸ் ஆன் எ வெட் ஆஃப்டர்நூன்’, ‘கன்ஸ் அட் பட்டாசி’ இரண்டுக்கும் சேர்த்து பிரிட்டிஷ் அகாடமியின் சிறந்த நடிகர் விருது. ‘தி சேண்ட் பெபிள்ஸ்’, ‘டாக்டர் டூலிட்டில்’ என அடுத்தடுத்த இரண்டு கோல்டன் குளோப் விருதுகளும் வந்தன.

இவை எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது ‘10 ரில்லிங்டன் பிளேஸ்’ (1971). லண்டனில் உண்மையில் வாழ்ந்த தொடர் கொலைகாரன் ஜான் கிறிஸ்டியின் வேடம். வழுக்கைத் தலை, மூக்குக்கண்ணாடி, ரகசியம் பேசுவது போன்ற மெல்லிய குரல். அதே கட்டடத்தில் குடியிருந்த டிமத்தி எவன்ஸ் என்ற எழுதப் படிக்கத் தெரியாத இளைஞன் கொலைப்பழி சுமந்து 1950-இல் தூக்கிலிடப்பட்டான். கிறிஸ்டியின் கொலைகள் பின்னர்தான் வெளியே வந்தன. எவன்ஸுக்கு 1966-இல் மன்னிப்பு வழங்கினார்கள், போன உயிருக்கு. அட்டன்பரோ மரண தண்டனையை எதிர்த்தவர். அந்த வெறுக்கத்தக்க வேடத்தை ஏற்க அதுவே காரணம். எவன்ஸாக நடித்தவர் ஜான் ஹர்ட்.

‘தி மவுஸ்டிராப்’ நாடகத்தில் நடித்தவர் இவர்தானா?

ஆமாம். அகதா கிறிஸ்டியின் அந்த நாடகம் லண்டனில் 1952 நவம்பர் 25 அன்று அரங்கேறியபோது துப்பறியும் அதிகாரியாக நடித்தவர் இவர். ஷீலாவும் உடன் நடித்தார். சம்பளத்தில் ஒரு பகுதிக்குப் பதிலாக இருவரும் லாபத்தில் 10 சதவீதப் பங்கு எடுத்துக்கொண்டார்கள். சில மாதம் ஓடும் என்று நினைத்த நாடகம் உலகிலேயே மிக நீண்ட காலம் ஓடிய நாடகமாகிவிட்டது. கொரோனாக் காலத்தில் அரங்குகள் மூடப்பட்டபோதுதான் நின்றது. மறுபடி தொடங்கி ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பங்கை மட்டும் விடாமல் வைத்திருந்தால் வாழ்நாள் முழுக்கக் காசுக்குக் கவலையில்லை. ஒரு பகுதியை உணவகம் தொடங்க விற்றார், அது நிலைக்கவில்லை. மிச்சத்தை விற்றது ‘காந்தி’க்காக.

நடிகராக நன்றாகப் போய்க்கொண்டிருந்தவர் ஏன் இயக்குநரானார்?

முதலில் தயாரிப்பாளரானார். கிடைத்த வேடங்கள் பிடிக்கவில்லை என்பது ஒரு காரணம். 1959-இல் நண்பர் பிரையன் ஃபோர்ப்ஸுடன் ‘பீவர் ஃபிலிம்ஸ்’ நிறுவனத்தைத் தொடங்கி, ‘தி ஆங்ரி சைலன்ஸ்’, ‘விசில் டவுன் தி விண்ட்’, ‘தி எல்-ஷேப்ட் ரூம்’ ஆகிய படங்களை எடுத்தார். முதல் படத்துக்குக் கையில் பணமில்லை. நடிகர்கள் சம்பளத்தை முன்கூட்டி வாங்காமல், படம் ஓடினால் பங்கு என்ற கணக்கில் வேலை செய்தார்கள். ஆலைத் தொழிலாளர்கள் ஒருவனை ஒதுக்கிவைக்கும் கதை அது. ஒதுக்கப்படுபவராக அவரே நடித்தார்.

இயக்குநரானதற்கு உண்மைக் காரணம் வேறு. 1962-இல் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அதிலிருந்து அவர் மனத்தில் ஒரே படம்தான் இருந்தது. இயக்குநராக வேண்டும் என்ற ஆசை தனக்கு இருந்ததில்லை, அந்தப் படத்தை எடுக்கத்தான் ஆசைப்பட்டேன் என்ற பொருளில் அவர் பேசியிருக்கிறார். ஆனால் ஒரு படமும் இயக்காதவரை நம்பி யார் காந்தியை ஒப்படைப்பார்கள்? முதல் உலகப் போரைப் பாட்டும் கிண்டலுமாகச் சொல்லும் ‘ஓ! வாட் எ லவ்லி வார்’ (1969) வந்தது. பிறகு சர்ச்சிலின் இளமைக் கதையான ‘யங் வின்ஸ்டன்’ (1972), நெதர்லாந்தின் ஆர்ன்ஹெம் பாலத்தைப் பிடிக்க 1944-இல் நேச நாடுகள் நடத்தித் தோற்ற போரைச் சொன்ன ‘எ பிரிட்ஜ் டூ ஃபார்’ (1977). மந்தை மந்தையாக ஆட்களை வைத்துப் படமெடுக்கும் கலையை அவர் இந்தப் படங்களில்தான் பழகினார்.

அந்தத் தொலைபேசி அழைப்பு யாருடையது?

மோதிலால் கோத்தாரி. லண்டனில் இந்தியத் தூதரகத்தில் வேலை பார்த்தவர், காந்தி பக்தர். முன்பின் தெரியாத ஒரு நடிகரைக் கூப்பிட்டு, காந்தியைப் பற்றிப் படம் எடுங்கள் என்றார். லூயி ஃபிஷர் எழுதிய வாழ்க்கை வரலாற்றைப் படிக்கக் கொடுத்தார். சக மனிதரை இழிவுபடுத்துவதில் ஒருவருக்கு எப்படிப் பெருமை கிடைக்கிறது என்பது தனக்குப் புரியாத புதிர் என்று தென்னாப்பிரிக்காவில் காந்தி சொன்ன இடம் வந்ததும் அட்டன்பரோ விழுந்துவிட்டார்.

பிறகு படம் வர ஏன் 20 வருடம் ஆனது?

மவுண்ட்பேட்டன் மூலம் 1963-இல் நேருவைச் சந்தித்தார். நேரு ஆதரவு தந்தார். காந்தியைத் தெய்வமாக்கிவிட வேண்டாம், அவர் மனிதர் என்று எச்சரித்தும் அனுப்பினார். அடுத்த வருடம் மே மாதம் நேரு காலமானார். 1970-இல் கோத்தாரியும் போய்விட்டார். திரைக்கதை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறி, கடைசியில் ஜான் பிரைலியிடம் வந்து நிலைபெற்றது. இந்தியாவில் நெருக்கடி நிலை வந்தது, போனது. ஹாலிவுட் ஸ்டுடியோக்களின் கதவுகள் திறக்கவில்லை. துணியைச் சுற்றிக்கொண்டு கையில் கம்போடு நடக்கும் ஒரு சின்ன மனிதரை யார் காசு கொடுத்துப் பார்ப்பார்கள் என்று ஒரு ஸ்டுடியோ முதலாளி கேட்டதை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அதற்குள் வீடு அடமானத்துக்குப் போனது. சேர்த்துவைத்த ஓவியங்கள் விலைக்குப் போயின. இந்திரா காந்தி மீண்டும் பிரதமரான பிறகு இந்தியாவின் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் பெரும் தொகையைப் போட முன்வந்தது. அந்நிய இயக்குநருக்கு நம் அரசுப் பணமா என்று இந்தியத் திரைத்துறையினர் சிலர் எதிர்ப்புக் காட்டினார்கள். மொத்தச் செலவு சுமார் 2 கோடியே 20 லட்சம் டாலர். 1980 நவம்பர் 26 அன்று படப்பிடிப்பு தொடங்கியது.

படத்தின் சமர்ப்பணத்தில் நேரு, மவுண்ட்பேட்டன் பெயர்களோடு கோத்தாரியின் பெயரும் இருக்கிறது. அவர் அந்தத் திரையைப் பார்க்கவில்லையே என்ற ஏக்கம் எனக்கு ஒவ்வொரு முறையும் வரும்.

பென் கிங்ஸ்லியை எப்படிக் கண்டுபிடித்தார்?

இயக்குநரின் மகன் மைக்கேல் நாடக இயக்குநர். ஷேக்ஸ்பியர் நாடகக் குழுவில் இருந்த கிங்ஸ்லியைப் பார்க்கச் சொன்னவர் அவர்தான். அதற்கு முன் பெரிய பிரிட்டிஷ் நடிகர்களின் பெயர்கள் அடிபட்டன. நல்லவேளை, ஒன்றும் கைகூடவில்லை. கிங்ஸ்லியின் இயற்பெயர் கிருஷ்ணா பண்டிட் பாஞ்சி, அப்பா வழி குஜராத்தி. இராட்டையில் நூல் நூற்கப் பழகி, உடம்பை இளைக்கவைத்து வந்தார். கஸ்தூரிபாவாக ரோஹிணி ஹட்டங்கடி, நேருவாக ரோஷன் சேத், படேலாக சயீத் ஜாஃப்ரி, ஜின்னாவாக அலிக் பதம்சீ.

இறுதி ஊர்வலக் காட்சியில் உண்மையாகவே அவ்வளவு கூட்டமா?

உண்மையாகவே. அப்போது கணினியில் கூட்டம் உண்டாக்கும் வித்தை கிடையாது. காந்தியின் இறுதி ஊர்வலம் நடந்து சரியாக 33 ஆண்டுகள் நிறைந்த நாளில், 1981 ஜனவரி 31 அன்று, அதே டெல்லி வீதியில் எடுத்தார்கள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்குச் சிறு தொகை கொடுத்தார்கள், மற்றவர்கள் அழைப்பைக் கேட்டுத் தாங்களாகவே வந்தவர்கள். 11 கேமராக் குழுக்கள் ஒரே காலைப்பொழுதில் 20,000 அடி ஃபிலிமைச் சுட்டன. திரையில் வருவது 125 விநாடி.

மறுபடி எடுக்க வழியே இல்லாத காட்சி. தன் தேசத்தின் தகப்பனைப் பற்றி ஒரு வெள்ளைக்காரர் எடுக்கும் படத்துக்காக விடிகாலையில் வந்து நின்ற அந்த இரண்டு லட்சம் பேரை நினைத்துப் பாருங்கள். சுட்ட ஃபிலிமில் பெரும் பகுதியை வெட்டியெறிந்துவிட்டு இரண்டு நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ள எவ்வளவு கட்டுப்பாடு வேண்டும்!

எந்தெந்த ஆஸ்கார் விருதுகள் கிடைத்தன?

11 பரிந்துரைகள், எட்டு விருதுகள்: சிறந்த படம், இயக்கம், நடிகர், மூலத் திரைக்கதை, ஒளிப்பதிவு, கலை இயக்கம், ஆடை வடிவமைப்பு, படத்தொகுப்பு. ஆடைக்கான விருதை ஜான் மோலோவுடன் பகிர்ந்த பானு அதையா, ஆஸ்கார் பெற்ற முதல் இந்தியர். இசைக்காக ரவிசங்கரும் ஜார்ஜ் ஃபென்டனும் பரிந்துரைக்கப்பட்டார்கள், கிடைக்கவில்லை. அந்த வருடம் தோற்ற படங்களில் ஸ்பீல்பர்க்கின் ‘இ.டி.’யும் ஒன்று. இந்திய அரசு 1983-இல் அட்டன்பரோவுக்குப் பத்மபூஷண் வழங்கியது.

‘காந்தி’ படத்தில் குறையே இல்லையா?

இருக்கிறது, அதைச் சொல்வதால் படத்தின் மேல் உள்ள மதிப்பு குறையாது. மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படத்தில் அம்பேத்கர் இல்லை. சுபாஷ் சந்திர போஸ் இல்லை. ஜின்னா ஏறக்குறைய வில்லனாகச் சுருங்கிவிடுகிறார். ஒரு மனிதரின் வாழ்க்கையை ஒரே கதைக்குள் அடக்க முடியாது என்று படம் தொடக்கத்திலேயே எழுத்தில் சொல்லிவிடுகிறது. ஆனாலும் அம்பேத்கர் இல்லாமல் காந்தியின் 1930-களைச் சொல்வது, கேள்வியை மறைத்துவிட்டுப் பதிலை மட்டும் காட்டுவது போலத்தான்.

தமிழர்களாகிய நமக்கு இன்னும் இரண்டு இடங்கள் உறுத்தும். தென்னாப்பிரிக்கப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர்களில் தமிழர்கள் ஏராளம். சிறையில் நோயுற்று, வெளிவந்த சில நாட்களில் 1914-இல் இறந்த தில்லையாடி வள்ளியம்மையைக் காந்தியே உருகி எழுதியிருக்கிறார். படத்தில் அவர் இல்லை. அரை ஆடைக்கு மாறும் முடிவை காந்தி எடுத்தது மதுரையில், 1921 செப்டம்பரில், மேலமாசி வீதி வீட்டில். படத்தில் அந்த மதுரைக் காலைப்பொழுது கிடையாது. அதற்குப் பதிலாக, ஆற்றங்கரையில் கந்தல் உடுத்திய ஒரு பெண்ணைப் பார்த்துத் தன் துணியைத் தண்ணீரில் மிதக்கவிடும் காட்சி. வசனம் ஒன்றுமில்லாத அழகான காட்சிதான். ஆனாலும் மதுரைக்காரர்களுக்கு ஒரு பெருமூச்சு வரும்.

‘காந்தி’க்குப் பிறகு?

‘எ கோரஸ் லைன்’ (1985) சரியாகப் போகவில்லை. ‘க்ரை ஃப்ரீடம்’ (1987) மனசாட்சியோடு எடுத்த படம். 1977-இல் தென்னாப்பிரிக்கப் போலீஸ் காவலில் கொல்லப்பட்ட கறுப்பினப் போராளி ஸ்டீவ் பிக்கோவின் கதை. நிறவெறி ஆட்சி நடந்துகொண்டிருந்தபோதே பக்கத்து நாடான ஜிம்பாப்வேயில் எடுத்தார். பிக்கோவாக நடித்த டென்செல் வாஷிங்டனுக்கு ஆஸ்கார் பரிந்துரை கிடைத்தது. காவலில் இறந்தவர்களின் பெயர்களும், அரசு சொன்ன ‘காரணங்களும்’ வரிசையாக ஓடும் முடிவு தொண்டையை அடைக்கும். ஆனால் பிக்கோ இறந்தபின் படம் வெள்ளைப் பத்திரிகையாளர் டொனால்ட் வுட்ஸின் தப்பித்தல் கதையாக மாறிவிடுகிறது. இந்தக் குறையை அப்போதே பலர் சுட்டினார்கள், அது நியாயமான குறைதான்.

‘சாப்ளின்’ (1992) நீளம் தாங்காமல் தடுமாறினாலும் ராபர்ட் டவுனி ஜூனியரின் நடிப்புக்காகவே பார்க்கலாம். அடுத்த வருடம் வந்த ‘ஷேடோலேண்ட்ஸ்’தான் என் கணிப்பில் அவருடைய மிக நேர்த்தியான படம். எழுத்தாளர் சி.எஸ். லூயிஸ் வயது முதிர்ந்தபின் காதலித்து, மணந்து, புற்றுநோய்க்கு மனைவியை இழக்கும் கதை. ஆந்தனி ஹாப்கின்ஸும் டெப்ரா விங்கரும். கூட்டமில்லை, குதிரைகளில்லை. இரண்டு பேர் ஓர் அறையில் பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

இயக்குநராக அவருடைய பாணி என்ன?

கேமரா வித்தைகளில் அவருக்கு ஆர்வம் குறைவு. விமர்சகர்கள் பலர் இதைக் குறையாகவே எழுதினார்கள். அவர் நம்பியது நடிகரின் முகத்தை. தானே கேமரா முன் நின்று தவித்தவர் என்பதால் நடிகருக்கு எங்கே பயம் வரும் என்று அவருக்குத் தெரியும். ஹாப்கின்ஸ் அவர் இயக்கத்தில் ஐந்து படங்களில் நடித்தார். ஒரு நடிகர் ஒரே இயக்குநரிடம் ஐந்து முறை திரும்பி வருகிறார் என்றால் அந்தத் தளத்தில் என்ன கிடைத்தது என்று யோசிக்கலாம்.

சத்யஜித் ராயின் படத்தில் நடித்தாரா?

‘ஷத்ரஞ்ச் கே கிலாரி’யில் (1977) வட இந்தியாவின் அவத் அரசைக் கிழக்கிந்தியக் கம்பெனி விழுங்கும் வேலையை முடிக்க வந்த ஜெனரல் அவுட்ராம். ராய்க்காகத் தொலைபேசி டைரக்டரியை வாசிக்கச் சொன்னாலும் வாசிப்பேன் என்று சொல்லி ஒப்புக்கொண்டார். செய்வது அநியாயம் என்று தெரிந்தே செய்யும் அதிகாரியின் சங்கடம் அவர் குரலில் இருக்கிறது. 1979-க்குப் பிறகு நடிப்பை நிறுத்தியிருந்தவரை ‘ஜுராசிக் பார்க்’ மூலம் திரும்ப அழைத்து வந்தவர், முன்பு ஆஸ்காரில் அவரிடம் தோற்ற அதே ஸ்பீல்பர்க்.

சினிமாவுக்கு வெளியே?

பட்டியல் நீளம். ராடா, பிரிட்டிஷ் திரைப்பட அகாடமி, பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனம், சேனல் 4 எனப் பல அமைப்புகளுக்குத் தலைமை ஏற்றார். தசைச் சிதைவு நோயாளிகளுக்கான இயக்கத்தில் பல்லாண்டு உழைத்தார். யூனிசெஃப் நல்லெண்ணத் தூதர். செல்சி கால்பந்துக் கழகத்தின் இயக்குநர். 1976-இல் சர் பட்டம், 1993-இல் பிரபுக்கள் சபையில் லேபர் கட்சி உறுப்பினர்.

சுனாமியில் குடும்பத்தினரை இழந்தது உண்மையா?

உண்மை. 2004 டிசம்பர் 26 அன்று தாய்லாந்தின் காவ் லாக் கடற்கரையில் மூத்த மகளையும், ஒரு பேத்தியையும், மகளின் மாமியாரையும் இழந்தார். அதே காலையில் நாகப்பட்டினத்தில், கடலூரில், முல்லைத்தீவில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்கு அந்த முதியவரின் துயரம் விளக்கமில்லாமலே புரியும். 1950-களிலிருந்து மனைவியோடு சேர்த்த பிக்காசோவின் பீங்கான் கலைப்பொருட்களை, இறந்தவர்கள் நினைவாக லெஸ்டர் அருங்காட்சியகத்தில் பார்வைக்கு வைக்கக் கொடுத்தார்.

கடைசிக் காலம்?

2007-இல் ‘க்ளோசிங் தி ரிங்’ கடைசிப் படம். அடுத்த வருடம் பக்கவாதத்துக்குப் பிறகு கீழே விழுந்தார், எழுந்து நடமாட முடியவில்லை. முதிய நடிகர்களுக்கான டென்வில் ஹால் இல்லத்தில் ஷீலா ஏற்கெனவே இருந்தார், அங்கே போய்ச் சேர்ந்தார். 2014 ஆகஸ்ட் 24 அன்று, 91-ஆவது பிறந்தநாளுக்கு ஐந்து நாள் முன்பு காலமானார். ஷீலா 2016 ஜனவரியில் போனார்.

அவர் படங்களை எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

‘10 ரில்லிங்டன் பிளேஸ்’ முதலில், மனத்திடம் உள்ளவர்கள் மட்டும். அடுத்து ‘ஷேடோலேண்ட்ஸ்’. பிறகு ‘காந்தி’யை, பள்ளியில் போட்டுக் காட்டியபோது தூங்கியவர்களும்கூட, மறுபடி ஒரே மூச்சில் பாருங்கள். இறுதி ஊர்வலம் வரும்போது பூ மூடிய வண்டியை விட்டுவிட்டு ஓரத்தில் நிற்கிறவர்களைக் கவனியுங்கள். கேமரா எங்கே இருக்கிறது என்று அவர்களில் பலருக்குத் தெரியாது.